மரம் விழுந்தாலும் கரண்ட் போகாதா? மண்ணுக்கடி கேபிள் பத்தி மலை வாசகர்கள் கேள்விகள்

போன மாசம் இந்தப் பக்கத்துல ஒரு கேள்விக்கு பதிலா "ஊட்டி, குன்னூர் பஜார்ல கம்பியெல்லாம் மண்ணுக்கடியில போனா நல்லதுதான், ஆனா மலை முழுக்க அது நடக்காது"னு ரெண்டே வரி எழுதினேன். அதுக்கு இத்தனை லெட்டர் வரும்னு எதிர்பார்க்கலைங்க, பாதி பேர் திட்டு, பாதி பேர் கேள்வி. திட்டை ஓரமா வெச்சுட்டு கேள்விய மட்டும் எடுத்திருக்கேன். புதுசா படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன், நான் இன்ஜினியர் இல்ல. கான்ட்ராக்ட்ல கேபிள் ஜாயின்டரா, அதாவது ரெண்டு கேபிள் முனையை ஒண்ணா சேக்கிறவனா, கீழ நாட்டுலயும் மேலயும் 31 வருஷம் குழிக்குள்ள உக்காந்து வேலை பாத்தவன். அந்த குழியில இருந்து தெரிஞ்சதத்தான் சொல்றேன்.

அண்ணா, ஐப்பசி மழை ஆரம்பிச்சாலே எங்க ரோட்டுல மரம் விழும், கம்பி அறும், ரெண்டு நாள் கரண்ட் இருக்காது. சென்னையில என் தங்கச்சி தெருவுல கம்பமே கிடையாது. எங்களுக்கு மட்டும் ஏன் இந்த கதி? (குன்னூர் வாசகி)

உங்க கோவம் நியாயம்தாம்மா. நம்ம நீலகிரி மாவட்டத்துக்கு மழை ரெண்டு வாட்டி வந்து அடிக்குது. ஆடிக் காத்து ஊட்டி, அவலாஞ்சி, கூடலூர் பக்கம் அடிக்கும், ஐப்பசி மழை குன்னூர், கோத்தகிரி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பேஞ்சது ஞாபகம் இருக்கும். அப்படி நனைஞ்ச மண்ணுல நிக்கிற கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் வேரோட சாயுது, அதுக்கு கீழதான் நம்ம லைன் போகுது. கம்பி மண்ணுக்கடியில இருந்தா இந்த மரம் விழுந்து ஒண்ணும் ஆகாது, அது உண்மை. 2016 டிசம்பர்ல வர்தா புயல் சென்னையில மரத்தையெல்லாம் சாய்ச்சப்ப கம்பத்துல லைன் போன ஏரியாதான் ரொம்ப நாள் இருட்டுல கிடந்துச்சு. ஆனா அதுக்கு முந்தின வருஷ வெள்ளத்துல கதையே வேற, கேபிள்ல இருந்து வீடுகளுக்கு லைன் பிரிக்கிற தெருமுனை பில்லர் பாக்ஸெல்லாம் தண்ணியில மூழ்கி, கேபிள் நல்லா இருந்தும் ஷாக் அடிச்சிடும்னு கரண்ட்டை நிறுத்தியே வெச்சாங்க. அதனால கேபிள் போட்டுட்டா எல்லாம் தீந்துடும்னு நினைச்சுடாதீங்க.

இப்ப மலைக்கு வாங்க. 11 கேவி, அதாவது பதினோராயிரம் வோல்ட் கேபிளை 90 சென்டிமீட்டர் ஆழத்துல போடணும், வீட்டுக்கு வர்ற லைனுக்கு 75 சென்டிமீட்டர். கீழ நாட்டுல ஜேசிபி ஒரு நாள்ல நூறு மீட்டர் தோண்டிட்டு டீ குடிக்கப் போயிடும். இங்க ரெண்டடி தோண்டுனா பாறை, பிரேக்கர் வெச்சு உடைக்கணும், ரோடு ஒரு பஸ் போற அகலம், அதுக்குள்ள ஏற்கனவே தண்ணி பைப்பு, போன் கேபிளு, சாக்கடை. ஒரு கிலோமீட்டருக்கு சென்னையில எத்தனை நூறு கனெக்‌ஷன் இருக்கும், உங்க ரோட்டுல எத்தனை வீடு இருக்கும்னு நீங்களே எண்ணிப் பாருங்க. கம்பத்துல போறதை விட மண்ணுக்கடியில போட பல மடங்கு செலவு, அந்த செலவை எட்டு வீட்டுக்கு யாரும் பண்ண மாட்டாங்க.

நெருக்கமா கடை இருக்கிற பஜார், ஆஸ்பத்திரி, தண்ணி பம்ப் ஹவுஸ், சீசன்ல ஜனம் குவியிற இடம், இங்கெல்லாம் கேபிள் போடலாம், போடணும். மத்த இடத்துக்கு நடுவால ஒரு வழி இருக்கு, அதை யாரும் பேச மாட்டேங்கறாங்க. கம்பத்துலயே போற மாதிரி உறை போட்ட கம்பி, இல்லனா மூணு நாலு கம்பிய ஒண்ணா முறுக்கின ஏபி கேபிள். சின்னக் கிளை உரசுனாலும் ட்ரிப் ஆகாது, செலவும் மண்ணுக்கடி கேபிளை விட ரொம்ப கம்மி. மொத்த மரமே மேல விழுந்தா அதுவும் அறும்தான், அதை மறைக்கலை. ஆனா உங்க ரோட்டுல வருஷத்துக்கு எத்தனை வாட்டி மொத்த மரம் விழுது, எத்தனை வாட்டி கிளை உரசுது?

இது புது டெக்னாலஜியா சார்? (ஊட்டி)

ரொம்பப் பழசுங்க. எடிசன் 1882ல நியூயார்க் பேர்ல் ஸ்ட்ரீட்ல கரண்ட் கொடுத்தப்பவே தெருவுக்கு அடியிலதான் கொண்டு போனாரு. அதே ஊர்ல போன் கம்பி, தந்திக் கம்பி எல்லாம் கம்பத்துல காடு மாதிரி முளைச்சு, 1888 மார்ச் பனிப்புயல்ல அத்தனையும் விழுந்த பிறகுதான் எல்லாத்தையும் மண்ணுக்குள்ள தள்ளுனாங்க. சிங்கப்பூர்ல இன்னிக்கு மொத்த சப்ளையும் தரைக்கு அடியிலதான்.

அங்கிள், கம்பத்துல போற கம்பி சும்மா வெறும் கம்பியா போகுது. கேபிளுக்கு மட்டும் ஏன் அத்தனை லேயர்? எங்க ஸ்கூல் முன்னாடி ஒரு துண்டு கிடந்துச்சு, வெங்காயம் மாதிரி இருந்துச்சு. (கோத்தகிரி, 9ஆம் வகுப்பு மாணவி)

வெங்காயம்னு சொன்ன பாரு, அதேதான் கண்ணு. கம்பத்துல போற கம்பிக்கு காத்துதான் உறை, ஒரு கம்பிக்கும் இன்னொரு கம்பிக்கும் ரெண்டு மூணடி இடைவெளி விட்டா போதும், காசில்லாத இன்சுலேஷன். மண்ணுக்குள்ள அந்த இடைவெளிக்கு எங்க போறது? அந்த ரெண்டு மூணடிய மூணரை மில்லிமீட்டர் சொச்சத்துக்குள்ள அடக்கணும். நீ பாத்த துண்டுல நடுவுல அலுமினிய கம்பிக் கத்தை இருந்திருக்கும். அதை சுத்தி ஒரு கறுப்பு மெல்லிசு லேயர், அப்புறம் பால் மாதிரி வெள்ளையா கெட்டியா ஒண்ணு, அதுதான் எக்ஸ்எல்பிஇங்கிற பிளாஸ்டிக், கரண்ட்டை உள்ள பிடிச்சு வெக்கிறது அதுதான். 90 டிகிரி சூடு வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல மறுபடி ஒரு கறுப்பு லேயர், செமிகான்னு சொல்லுவோம், அதுக்கு மேல காப்பர் டேப். இந்த மாதிரி மூணு சேந்து, அதுக்கு வெளிய ஒரு உறை, அப்புறம் இரும்புப் பட்டை, அது மம்பட்டி கடப்பாரை அடியில இருந்து காப்பாத்த, எல்லாத்துக்கும் வெளிய கறுப்பு பிளாஸ்டிக்.

செமிகான் எதுக்குன்னா, கம்பிக் கத்தை மேல மேடு பள்ளம் இருக்குமில்ல, அந்த மேட்டுல எல்லாம் வோல்டேஜ் குவிஞ்சு வெள்ளைய குத்திக்கிட்டே இருக்கும். செமிகான் அதை வழவழன்னு ஆக்கி எல்லா பக்கமும் சமமா பரப்புது. அந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்துட்டு போகாத, இரும்புப் பட்டை ஓரம் பிளேடு மாதிரி கையை அறுத்துடும்.

எங்க ஏரியாவுல கேபிள் புதைச்சு மூணு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள ஃபால்ட். ரோட்டைத் தோண்டி நாலு நாள் தேடுனாங்க. கேபிள் டூப்ளிகேட்டா இருக்குமோ? (பேர் ஊர் போட வேண்டாம்னு கேட்ட வாசகர்)

டூப்ளிகேட்னு சட்டுனு சொல்லிடாதீங்க. பேக்டரியில செஞ்ச கேபிள் முப்பது நாப்பது வருஷம் ஓடும். கெட்டுப் போறது நாங்க கையில செஞ்ச இடம், அதாவது ஜாயின்ட். கேபிள் டிரம்முல சில நூறு மீட்டர்தான் வரும், அதுக்கு மேல போகணும்னா குழிக்குள்ள உக்காந்து ஒண்ணோட ஒண்ணு சேக்கணும். நான் பண்ண தப்பையே சொல்றேன், அப்பத்தான் புரியும்.

ஒரு மலை ஊரு, ராத்திரி பதினோரு மணி, மழை தூறல், குழிக்கு மேல தார்ப்பாய் கட்டி உள்ள நானும் ஹெல்ப்பர் பையனும். மேல ரோட்டுல கான்ட்ராக்டர் ஆளு "ஆச்சாண்ணே, ஆச்சாண்ணே"னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா கேட்டுட்டே இருக்கான். செமிகானை உரிக்கணும்னா கத்தியால லேசா ஒரு வட்டம் கீறி, அப்புறம் உரிக்கணும். வெள்ளையில கத்தி படவே கூடாது. குளிர்ல கை விறைச்சு, கத்தி கொஞ்சம் அழுந்திடுச்சு. வெள்ளையில முடி மாதிரி ஒரு கோடு. எமரி பேப்பர் போட்டு தேச்சேன், ஜாயின்ட் சாமானோட கிட்டுல வர்ற ஈரத் துணியால துடைச்சேன், அதுவும் ஒரே திசையில துடைக்கணும், கம்பி பக்கத்துல இருந்து செமிகான் பக்கமா, திருப்பி இழுத்தா கறுப்பு வெள்ளையில ஏறிடும். எல்லாம் சரியாத்தான் பண்ணேன். சூட்டுல சுருங்குற ஸ்லீவ் போட்டு, கேஸ் டார்ச்சை நடுவுல இருந்து ஓரத்துக்கு மெதுவா காட்டி சுருக்கினேன், அப்பத்தான் உள்ள இருக்கிற காத்து வெளிய போகும். டெஸ்ட் பண்ணாங்க, பாஸ். எனக்கு மட்டும் அந்த கோடு உறுத்திக்கிட்டே இருந்துச்சு, வெட்டிட்டு புதுசா போடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, மேல இருந்து "ஆச்சாண்ணே". மூடிட்டேன்.

ரெண்டு மழைக்காலம் தாங்குச்சு. மூணாவது வருஷம் அதே ஜாயின்ட் வெடிச்சுது. கோட்டுக்குள்ள ஈரம் புகுந்து, வோல்டேஜ் குத்திக் குத்தி, வெள்ளைக்குள்ள நுணுக்கமா கிளை கிளையா தண்ணி வழி வெட்டிக்கிட்டு போகும், அதுக்கு எங்க தொழில்ல பேரே வாட்டர் ட்ரீ. கம்பத்துல போனா வெளிய இருக்கிற மரம் விழுது, புதைச்சா கேபிளுக்குள்ளயே மரம் முளைக்குது, எங்க போய் சொல்ல?

நாலு நாள் தேடுனதுக்கும் காரணம் இருக்கு. கம்பி அறுந்தா லைன்மேன் நடந்து போய் கண்ணால பாத்துடுவாரு. கேபிள்ல முதல்ல இன்சுலேஷன் அளக்குற மெக்கர் வெச்சு, உள்ள இருக்கிற மூணு கம்பியில எந்த கோர் கெட்டுதுன்னு பாக்கணும். அப்புறம் ஒரு மெஷின் உள்ள பல்ஸ் அனுப்பும், அது ஃபால்ட்ல முட்டி திரும்பி வர்ற நேரத்தை வெச்சு "முன்னூத்தி நாப்பது மீட்டர்"னு சொல்லும். ஆனா அது கேபிளோட நீளம், ரோட்டோட நீளம் இல்ல. எங்க வளைச்சாங்க, எங்க சுருட்டி உபரி விட்டாங்க, ரோடு அகலப்படுத்துனப்ப எங்க தள்ளிப் போட்டாங்கன்னு மேப் இருந்தாத்தான் அந்த நம்பருக்கு அர்த்தம். அப்புறம்தான் தம்பர். வேன்ல இருந்து சில செகண்டுக்கு ஒருக்கா ஹை வோல்டேஜை உள்ள அடிக்கும், ஃபால்ட் இருக்கிற இடத்துல மண்ணுக்கடியில "டொக்"னு ஒரு சத்தம். அந்த சத்தத்துக்கு மைக் இருக்கு, இருந்தாலும் வண்டி ஓடாத நேரமா பாத்து ராத்திரி ரெண்டு மணிக்கு தார் ரோட்டுல காதை வெச்சு படுத்துக் கேட்டிருக்கேன். டீக்கடைக்காரரு நான் குடிச்சுட்டு விழுந்து கிடக்கேன்னு தண்ணி தெளிக்க வந்துட்டாரு.

இன்னொண்ணு. கம்பி லைன்ல கிளை உரசி ட்ரிப் ஆனா, கிளை போன பிறகு திருப்பிப் போட்டா நிக்கும். கேபிள் ட்ரிப் ஆச்சுன்னா உள்ள ஓட்டை விழுந்தாச்சுனுதான் முதல்ல நினைக்கணும். திருப்பித் திருப்பி போட்டுப் பாத்தா ஓட்டைதான் பெருசாகும். அதனால கரண்ட் ஆபீஸுக்கு போன் பண்ணி "ஒருக்கா போட்டுப் பாருங்களேன்"னு கெஞ்சாதீங்க. மேப் இருக்கா, ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கு மேலயும் மார்க்கர் கல்லு நட்டிருக்காங்களானு கேளுங்க, அது கேட்டா பிரயோஜனம் உண்டு.

கேபிள் போட்டா கரண்ட் பில் குறையுமா? (லவ்டேல்)

குறையாதுங்க. கொக்கி போட்டு இழுக்கிறவன் பாடுதான் திண்டாட்டம்.

கொடைக்கானல்ல இருந்து எழுதுறேன். 2018ல கஜா புயல் எங்க மலையில மரம், கம்பம் எல்லாத்தையும் சாய்ச்சுது. கேபிள் கேட்டா, மண் சரிஞ்சா கேபிளும் போயிடும்னு சொல்றாங்க. எது உண்மை?

ரெண்டும் உண்மைங்க. மரம் விழுறதுக்கு கேபிள் பயப்படாது, மண்ணு நகர்றதுக்கு பயப்படும். எங்க பக்கம் 2009 நவம்பர்ல கேத்தி, குன்னூர் சுத்து வட்டாரத்துல மண் சரிஞ்சு ஜனம் செத்தாங்களே, அந்த மாதிரி சரிவுல கம்பமும் நிக்காது, கேபிளும் நிக்காது. ஆனா கம்பம் போனா மேல ரெண்டு கம்பம் நட்டு கம்பி இழுத்து மறுநாளே விளக்கு எரிய வெக்கலாம். கேபிள் அறுந்தா சரிவுல மறுபடி குழி தோண்டவே விட மாட்டாங்க, மண்ணு இன்னும் ஈரமா இருக்கும்.

இதுக்கு மலைக்காரங்க செய்ய வேண்டியது மூணு நாலு இருக்கு. ரோட்டுல பள்ளத்து பக்கமா போடக்கூடாது, அது பெரும்பாலும் கொட்டி நிரப்புன மண்ணு, மழைக்கு முதல்ல போறது அதுதான். மேட்டுப் பக்கம் ஒட்டி, சாக்கடைக்கு இந்தப் பக்கமா போடணும். கல்வெர்ட், அதாவது ரோட்டுக்கு அடியில தண்ணி போற சின்னப் பாலம் தாண்டுற இடத்துல ரெண்டு பக்கமும் ஒரு சுத்து உபரி விடணும், மண்ணு ஒரு அடி நகர்ந்தா கேபிள் விறைக்காம கொடுத்துப் போகும். அந்த சுத்தையும் இஷ்டத்துக்கு மடக்க முடியாது, மூணு கோர் கேபிள்னா அதோட தடிமனுக்கு 15 மடங்கு ஆரம் வேணும், மூணு இன்ச் கேபிளுக்கு கிட்டத்தட்ட நாலடி. செங்குத்தா இறங்குற இடத்துல கிளாம்ப் போட்டுப் பிடிக்கலைன்னா கேபிள் அதோட எடையிலயே வருஷா வருஷம் கீழ இறங்கி, மேல இருக்கிற ஜாயின்ட்டை இழுத்துப் பிச்சுடும்.

அதை விட பெருசு ரிங். ஒரு பக்கமா மட்டும் சப்ளை வந்தா எங்க அறுந்தாலும் அதுக்கு அப்பால எல்லாம் இருட்டு. ரெண்டு பக்கத்துல இருந்தும் கொண்டாந்து நடுவுல சேத்து, அங்கங்க ஆர்எம்யூனு சொல்ற சுவிட்ச் பெட்டி வெச்சா, அறுந்த துண்டை மட்டும் கழட்டி விட்டுட்டு மத்தவங்களுக்கு இன்னொரு பக்கமா கொடுக்கலாம். ஃபால்ட் தேட நாலு நாள் ஆனாலும் வீட்டுல விளக்கு எரியும். ரிங் இல்லாம ஒத்தை கேபிள் போட்டுட்டு "மாடர்ன் பண்ணிட்டோம்"னு ரிப்பன் வெட்டுனா, என்னைக் கேட்டா, கம்பமே தேவலாம்.

கூடலூர் பக்கம் யானை கம்பியில பட்டு சாகுது. காட்டுக்குள்ள போற லைனை மட்டுமாவது புதைக்கக் கூடாதா? (தேவர்சோலை வாசகர்)

மனசு இருந்தா செய்யலாம். ரோடு குறுக்க போற 11 கேவி லைன் தரையில இருந்து 6.1 மீட்டர் உயரத்துல இருக்கணும்னு விதி. ஆனா நம்ம சரிவுல, ரெண்டு கம்பமும் அளவா நட்டிருந்தாலும் நடுவுல மேடு வந்தா கம்பி அந்த மேட்டுக்கு தலை உயரத்துல தொங்குது. யானை தும்பிக்கைய தூக்குனா முடிஞ்சுது. யானை சாய்க்கிற மரம் லைன்ல விழுறதும் உண்டு, குன்னூர், கொடைக்கானல்ல காட்டுமாடு கம்பத்துல உடம்பைத் தேய்ச்சு கம்பத்தை இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பிய தளர்த்துறதும் உண்டு. யானை வழக்கமா தாண்டுற இடம் எதுன்னு வனத்துறைக்கும் தெரியும், ஊர்க்காரங்களுக்கும் தெரியும். அந்த சில நூறு மீட்டரை மட்டும் கேபிளா இறக்கி அந்தப் பக்கம் ஏத்துனா செலவும் தாங்கும், குழியும் சின்னது. முழு காட்டையும் தோண்டுனா அதுவே ஒரு அழிவு. அது வரைக்கும் நடுவுல ஒரு கம்பம் கூட நட்டு கம்பிய தூக்கலாமே, அதுக்கு எந்த டெக்னாலஜியும் வேண்டாம். தோட்டத்து வேலிக்கு நேரா கரண்ட் கொடுக்கிறது வேற விஷயம், அது குற்றம், அதுக்கு கேபிள் மேல பழி போடாதீங்க.

பைக்காராவுல கரண்ட் எடுத்து கோயம்புத்தூர் மில்லுக்கு அனுப்புனாங்களே, அப்பவே மண்ணுக்குள்ள கொண்டு போயிருந்தா காடு தப்பிச்சிருக்குமே? (ரிட்டயர்டு ஆசிரியர், ஊட்டி)

ஐயா, நல்ல கேள்வி, இதுல ஒரு சங்கதி ஒளிஞ்சிருக்கு. 1932ல பைக்காரா தண்ணி மூவாயிரம் அடிக்கு மேல பென்ஸ்டாக்குங்கிற பெரிய குழாய்ல இறங்கி சிங்காராவுல கரண்ட் ஆச்சு. அதை கோயம்புத்தூர் வரைக்கும் கேபிள்ல கொண்டு போறதுன்னா அன்னிக்கு எண்ணெய் ஊறுன பேப்பர் சுத்தி ஈயத்துல மூடின கேபிள்தான் இருந்துச்சு, அந்த எடைய மலை இறக்குறதை நினைச்சுப் பாருங்க.

எடை ஒரு பக்கம் இருக்கட்டும், கேபிளுக்குனு ஒரு பசி இருக்கு. தோட்டத்துல நீட்டமான ரப்பர் ஹோஸ்ல தண்ணி விட்டா முதல்ல ஹோஸ் உப்பும், அப்புறம்தான் அந்த முனையில தண்ணி வரும், இல்லீங்களா? கேபிளும் அப்படித்தான், முதல்ல தன்னை நிரப்பிக்கும். நம்ம ஏசி கரண்ட் செகண்டுக்கு 100 வாட்டி திசை மாறுது, அதனால நிரப்பறதும் காலி பண்றதும் ஓயாம நடக்கும். 11 கேவியில இது ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ஆம்பியர் அளவுக்குத்தான், ஊருக்குள்ள கவலையே இல்ல. 400 கேவின்னா கிலோமீட்டருக்கு 15 ஆம்பியர் மாதிரி போயிடும், 50 கிலோமீட்டர் போனா 700 ஆம்பியருக்கு மேல கேபிளே தின்னுடும், ஊருக்கு மிச்சம் என்ன வரும்? அதனாலதான் பெரிய லைனெல்லாம் டவர்ல போகுது. திசை மாறாத டிசியா மாத்துனா இந்த பசி இல்ல. தமிழ்நாட்டுல புகளூர்ல இருந்து திருச்சூருக்கு 320 கேவி டிசி லைன் 2021ல வந்துச்சு, அதுல கேரளாவுக்குள்ள ஒரு பகுதி மண்ணுக்கடி கேபிள்தான். ரெண்டு முனையிலயும் மாத்துற ஸ்டேஷனுக்கு கொட்டுற காசு, அது நம்ம ஊருக்கு சப்ளை கொண்டு வர்ற ஃபீடர் லைனுக்கு ஒத்து வராது.

கேபிள் போட்டா மரம் வெட்ட வேண்டாம், அப்ப அதுதானே பசுமை வழி? இதுல என்ன யோசனை உங்களுக்கு? (கோத்தகிரி, சுற்றுச்சூழல் ஆர்வலர்)

லைனுக்கு கீழ வருஷா வருஷம் கிளை வெட்டுற வேலை மிச்சம், உண்மை. ஆனா மரத்துக்கு பக்கத்துலயே 90 சென்டிமீட்டர் குழி தோண்டுனா அந்தப் பக்கத்து வேரெல்லாம் போச்சு. மரத்தை வெட்ட 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்பு சட்டப்படி பர்மிஷன் வேணும், வேரை வெட்டுறதை யாரு வந்து பாக்கறா? மரம் அப்படியே நிக்கும், அடுத்த காத்துக்கு ரோட்டுல விழும், அப்ப "கற்பூர மரம்னாலே இப்படித்தான்"னு மரத்து மேல பழி. மரம் இருக்கிற இடத்துல தோண்டாம, பக்கவாட்டுல துளை போட்டு பைப்பை நுழைச்சு அதுக்குள்ள கேபிள் இழுக்கலாம். பாறை வந்தா அந்த மெஷினும் திணறும், ஆனா கேக்கணும்.

இன்னொண்ணு உங்களை மாதிரி ஆளுங்க கேக்க வேண்டியது. மேல சொன்ன ஆர்எம்யூ பெட்டி நிறைய மாடல்ல எஸ்எஃப்6னு ஒரு கேஸ் இருக்கு. கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 23,500 மடங்கு பூமிய சூடாக்குற கேஸ் அது. பெட்டி ஒழுகாம இருந்தா பிரச்சனை இல்ல, பழசாகி கழட்டுறப்ப அந்த கேஸை பிடிச்சு எடுக்கறாங்களா, காத்துல விட்டுடறாங்களா? அந்த கேஸ் இல்லாத பெட்டியும் இப்ப வருது, டெண்டர்லயே அதைக் கேக்கலாம்.

நம்ம மலைக்குனு ஒரு லாபமும் இருக்கு, இதை யாரும் கணக்குல எடுக்கறதில்ல. கேபிள் எவ்வளவு கரண்ட் தாங்கும்ங்கிறது மண்ணு எவ்வளவு சூட்டை வாங்கிக்கும்ங்கிறதை பொறுத்தது. எந்த கேபிள் எவ்வளவு தாங்கும்னு நம்ம நாட்டுல போட்ட அட்டவணையெல்லாம் மண்ணு 30 டிகிரின்னு வெச்சு போட்டது. ஊட்டி மண்ணு 20 டிகிரின்னு வெச்சாலே அதே கேபிள் சுமார் 8 சதவீதம் அதிகம் சுமக்கும். உறைபனி மாசத்துல ஹீட்டரும் கீசரும் ஒண்ணா ஓடுற நேரத்துலதான் மண்ணும் நல்லா ஜில்லுனு இருக்கும்.

ஒரு திருத்தம்

போன இதழ்ல "கேபிளுக்கு மின்னல் பயம் இல்ல"னு எழுதிட்டேன், அருவங்காட்டுல இருந்து ஒரு பழைய லைன்மேன் போன் போட்டு காதைத் திருகிட்டாரு. கம்பி லைன்ல இருந்து கேபிள் கீழ இறங்குற கம்பம் இருக்கே, மின்னல் கம்பியில விழுந்து அங்க வந்துதான் கேபிளைக் குத்தும். அதனால அந்தக் கம்பத்துல மின்னலை மண்ணுக்கு இறக்கி விடுற லைட்னிங் அரெஸ்டர் கட்டாயம், அதோட எர்த்தும் ஒழுங்கா இருக்கணும். பாறைக்கு மேல எர்த் போட்டு உப்பும் கரியும் கொட்டிட்டு மறந்துடறாங்கனு அவரு சொன்னதையும் சேத்துக்கோங்க. தப்பு என்னோடதுதான்.

வீட்டுக்கு பின்னாடி தடுப்புச் சுவர் கட்ட தோண்டப் போறோம். ரோட்டுல கேபிள் போகுது. எப்படி தெரிஞ்சுக்கறது? (வெலிங்டன்)

தோண்டுறதுக்கு முன்னாடி கரண்ட் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து ஆளை வரச் சொல்லுங்க, ஜேசிபிக்காரர் "நான் பாத்துக்கறேன்"னு சொன்னா நம்பாதீங்க. தோண்டுறப்ப மண்ணு திடீர்னு மாறி சுத்தமான ஆத்து மணல் வந்தா, இல்ல வரிசையா செங்கல்லோ ஸ்லாபோ வந்தா, சிவப்பு இல்ல மஞ்சள் டேப் எட்டிப் பாத்தா அங்கேயே நிறுத்திடுங்க, அந்த மணல் கேபிளுக்குனு போட்ட மெத்தை. அதுக்கு கீழ ஒரு கறுப்பு பைப்பு தெரிஞ்சா "பழைய தண்ணி பைப்பு"னு சொல்லி அறுக்கப் போறவங்கள நான் நேர்லயே தடுத்திருக்கேன். தப்பித்தவறி மெஷின் கேபிள்ல பட்டுட்டா டிரைவர் சீட்டை விட்டு இறங்கக் கூடாது, மத்தவங்க யாரும் கிட்ட போகக் கூடாது, ஆபீஸ்ல ஆஃப் பண்ணிட்டோம்னு சொல்ற வரைக்கும். தீப்பிடிச்சா மட்டும் ரெண்டு காலையும் சேத்து வெச்சு ஒரே குதியா தள்ளிக் குதிச்சு, வண்டியையும் தரையையும் ஒரே நேரத்துல தொடாம, சின்னச் சின்ன குதியா போயிடணும்.

உங்க வீட்டுக்கு கேபிளா, கம்பியா? உண்மைய சொல்லுங்க. (பேர் இல்லாத போஸ்ட் கார்டு)

கம்பிதான். வீடு ரோட்டுல இருந்து நாப்பத்திரெண்டு படி கீழ, படிக்கு அடியில பக்கத்து வீட்டுக்காரர் தண்ணி பைப்பு போகுது, படிய உடைச்சா அவரு என்னை உடைச்சிடுவாரு. அதனால ரோட்டு கம்பத்துல இருந்து வீட்டுக்கு வர்ற சர்வீஸ் வயரை மட்டும் தாங்கு கம்பியில கட்டி, நடுவுல உரசுன சீகை கிளைய நானே ஏணி வெச்சு, கரண்ட்டை நிறுத்தச் சொல்லிட்டு, கழிச்சு விட்டேன். ஜாயின்ட் ஒண்ணுகூட இல்லாம ஒரே வயரா இழுத்திருக்கேன்.